வலி போன பிறகுதான் பல் போனது

பல் பிளக்கும் சத்தம் காதுக்கு வெளியே கேட்பதில்லை, மண்டைக்குள் கேட்கிறது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல ‘படக்’கென்று ஒன்று. அன்று நான் மென்றுகொண்டிருந்தது கொட்டையோ எலும்போ அல்ல, விரலால் அழுத்தினாலே மசியக்கூடிய உணவு. கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில், எட்டு மாதங்களுக்கு முன் வேர் சிகிச்சை செய்துகொண்ட முதல் கடைவாய்ப் பல் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. வலி துளியும் இல்லை. நாக்கால் தொட்டபோது ஒரு பாதி அசைந்தது, மறுபாதி அசையவில்லை.

அதே பல் எட்டு மாதங்களுக்கு முன் என்னைத் தூங்கவிடவில்லை. பகலில் விண்விண்ணென்று தெறிக்கும். இரவில் படுத்தால் அது இரண்டு மடங்காகும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, ஏற்கெனவே வீங்கியிருக்கும் பற்கூழில் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்சதை) அழுத்தம் ஏறுவதால் அப்படி என்று பிறகு தெரிந்துகொண்டேன். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் பொருத்தி, மேலே துளையிட்டு, மயிர்போல் மெல்லிய அரங்களால் மூன்று வேர்க்குழாய்களையும் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் அலசி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்தார்கள். மூன்று முறை போனேன். முதல் நாள் மாலையே வலி அடங்கிவிட்டது. கடைசி நாளன்று மருத்துவர், “இது பாதி வேலைதான். மேலே கேப் போட்டால்தான் முழுமையாகும். இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்துவிடுங்கள்” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை. வலிதான் போய்விட்டதே என்ற நிம்மதி. மேசையில் விடைத்தாள்கள் குவிந்திருந்தன. ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். அது எட்டு மாதமாயிற்று.

வேர் சிகிச்சை செய்த பல் ஏன் உடைகிறது என்று கேட்டால், உயிர் போன பல் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மையில் ஈரம் குறைவது பெரிய காரணம் அல்ல. சொத்தை அரித்தது போக, உள்ளே போவதற்கு வழி வெட்டியதும் சேர்ந்து, பல்லின் நான்கு சுவர்களையும் பிணைத்திருந்த கூரை போய்விடுகிறது. உத்தரத்தை உருவிவிட்ட வீட்டில் சுவர்கள் மட்டும் நிற்பதுபோல. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் மேல்பல்லின் முகடு ஆப்புபோல நடுவில் இறங்கி அந்தச் சுவர்களை விலக்குகிறது. கேப் என்பது அழகுக்காக மாட்டும் தொப்பி அல்ல. பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவதுபோல, சுவர்கள் விலகாமல் சுற்றிப் பிடித்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. அதனால்தான் கேப் பிடித்துக்கொள்வதற்கு ஈறுக்கு மேலே 2 மி.மீ. உயரமாவது நல்ல பல் சுற்றிலும் மிஞ்சியிருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள்.

பிளந்த பல்லோடு போனேன். மருத்துவர் மெல்லிய அளவுக்கம்பியை ஈறு ஓரமாகச் சுற்றிச்சுற்றி விட்டுப் பார்த்தார். மற்ற இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நின்ற கம்பி, பிளவு இருந்த ஓரிடத்தில் மட்டும் சட்டென்று ஆழமாக இறங்கியது. அதைப் பார்த்ததும் அவர் முகத்திலேயே பதில் தெரிந்தது. விரிசல் ஈறுக்கு மேலேயே நின்றிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வேரோடு இறங்கிவிட்டால் எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.

பல் எடுத்த கதையில் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகும் ஊசி, அழுத்தம், பத்து நிமிடம். அதன் பிறகு கவனிக்க வேண்டியவைதான் முக்கியம். பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்கு இயற்கை போடும் கட்டு. அது கழன்றுவிடக் கூடாது. எனவே முதல் 24 மணி நேரம் வேகமாக வாய் கொப்பளிப்பதும், உறிஞ்சுகுழலால் குடிப்பதும், புகைப்பதும் கூடாது. குறைந்துகொண்டே வர வேண்டிய வலி இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரெனக் கூடி, காது வரை இழுத்தால், கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டில் உட்காராமல் திரும்பிப் போய்விட வேண்டும். உதடு மரத்திருக்கும் சில மணி நேரத்துக்கு எதையும் மெல்லாமல் இருப்பதும் நல்லது. குழந்தைகள் உதட்டைத் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. அந்த இடத்தை நான்கு ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டேன்.

சிரித்தால் தெரியாத இடம். வலப்பக்கம் மென்றுகொண்டேன். ஒரு பல் போனால் ஓர் இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான் என்று எண்ணினேன். வாய்க்குள் எந்த இடமும் காலியாக இருப்பதில்லை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு மாக்கட்டி அச்சு. நான்காம் ஆண்டில், பின்பக்கப் பல்லில் சாப்பாடு மாட்டத் தொடங்கியதால் வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். அவர் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் அளவெடுத்து, வெள்ளை மாக்கட்டியில் வார்த்து, என் வாயையே என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு தாடைகளையும் சேர்த்துக் கடிக்க வைத்தால், பல் இல்லாத இடத்துக்கு நேர் மேலே இருந்த கடைவாய்ப் பல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. வரிசையில் மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 மி.மீ. கீழே. எதிரே முட்டுக்கொடுக்கப் பல் இல்லாததால் அது தேடிக்கொண்டு வந்திருக்கிறது. பின்னால் இருந்த இரண்டாம் கடைவாய்ப் பல்லோ, வேலி சாய்வதுபோல முன்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்தச் சாய்வுக்கு அடியில்தான் சாப்பாடு தங்கி, புதிதாக ஒரு சொத்தை விழுந்திருந்தது.

“ஒரு பல்லுக்கு வந்தீர்கள், இப்போது மூன்று பல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது” என்றார். கடிந்துகொள்ளவில்லை. அச்சை நான் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அந்தப் பற்கள் நகர்வதை நான் உணரவில்லை. பல் எடுத்தவர்கள், உடனே எதுவும் செய்ய வசதிப்படாவிட்டாலும், ஒரு சிறிய கழற்றி மாட்டும் பல்லாவது போட்டு அந்த இடத்தைக் காத்துக்கொள்ளுங்கள் என்று இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் சாய்ந்த பல்லின் சொத்தையை அடைத்தார்கள். பல்நிறத்துப் பூச்சால் அடைக்கும் முறை பார்க்க எளிது. ஆனால் ஒவ்வோர் அடியும் பொறுமை கேட்கும். அமிலக் கூழைச் சில விநாடிகள் தடவிக் கழுவினால், எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன; பசை அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கும் வரை, அடைப்பு கழன்றுவிடாமல் இருக்க நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியிருந்தது. இப்போது கெட்டதை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிடிப்பு கெட்டுவிடும். பூச்சையும் ஒரேயடியாக அப்பாமல் 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியில் இறுகவைக்க வேண்டும். எனவே மருத்துவர் நேரம் எடுத்துக்கொண்டால் பொறுமையிழக்காதீர்கள். அவசரப்படுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

அடுத்தது, போன பல்லுக்கு என்ன செய்வது என்ற கேள்வி. மூன்று வழிகள்: கழற்றி மாட்டும் பல், இருபக்கப் பற்களின் மேல் நிற்கும் பிரிட்ஜ், எலும்பில் திருகாகப் பதிக்கும் இம்ப்ளான்ட். இம்ப்ளான்ட்தான் உயர்ந்தது, மற்றவை பழசு என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலி இடத்தின் இருபுறப் பற்களும் ஏற்கெனவே பெரிய அடைப்போடு, எப்படியும் கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால், பிரிட்ஜ் அருமையான தீர்வு. அறுவை இல்லை, சில வாரங்களில் முடிந்துவிடும். என் விஷயம் வேறு. முன்னால் இருந்த பல் மாசுமருவற்றது. பிரிட்ஜுக்காக அதைச் சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை செதுக்க வேண்டும். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததோடு மறைந்துவிடுகின்றன. செதுக்கிய எனாமல் ஒருநாளும் திரும்ப வளராது. ஏற்கெனவே ஒரு பல்லை அலட்சியத்தால் இழந்திருந்த எனக்கு, குற்றமில்லாத இன்னொரு பல்லைச் செதுக்க மனம் வரவில்லை. இம்ப்ளான்ட் என்று முடிவு செய்தேன்.

ஆனால் அதற்கும் நான் விட்ட நான்கு ஆண்டுகள் குறுக்கே நின்றன. பல்லைத் தாங்குவதற்காகவே இருக்கும் எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்குகிறது. அதுவும் முதல் ஓராண்டில்தான் அதிகம். முப்பரிமாண எக்ஸ்ரேயில் என் தாடை எலும்பின் மேல்விளிம்பு கத்திமுனைபோல் ஒடுங்கியிருந்தது. 4 மி.மீ. பருமனுள்ள திருகுக்கு இருபுறமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் எலும்பு வேண்டும். அடியில் ஓடும் நரம்புக்கும் திருகுமுனைக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆழம் போதும், அகலம் போதாது. எலும்புத்தூள் வைத்து மூடி, அது கெட்டிப்படும் வரை பல மாதங்கள் காத்திருந்தேன். பல் எடுத்த அன்றே இந்தப் பேச்சு எழுந்திருந்தால், குழியில் அப்போதே எலும்புத்தூளை நிரப்பி இந்தக் கரைவை ஓரளவு தடுத்திருக்கலாம். பல் எடுக்கப் போகும்போதே “பிறகு இந்த இடத்தில் என்ன செய்யப் போகிறோம்?” என்று கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

திருகு பதித்த நாளைப் பற்றிப் பயப்பட்ட அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அதிர்வு தெரிந்தது, வலி தெரியவில்லை. அதற்குப் பிந்தைய காத்திருப்புதான் கடினம். உடனே பல்லை மாட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். மருத்துவர் எனக்குப் பெர்-இங்வர் பிரோனமார்க் கதையைச் சொன்னார். ஸ்வீடனைச் சேர்ந்த அந்த ஆராய்ச்சியாளர் 1950-களின் தொடக்கத்தில், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க முயலின் காலெலும்பில் டைட்டேனியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றி வளர்ந்திருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத் திருகுகளைப் பதித்தார். என் தாடையிலும் அந்த ஒன்றிப்போதல்தான் நடக்க வேண்டும். எலும்பு உயிருள்ளது, அது தன் வேகத்தில்தான் வளரும். திருகு இறுகும் முன் தொடர்ந்து அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு சூழ்ந்துகொண்டு எல்லாம் வீணாகும். சில இடங்களில், திருகு போதிய இறுக்கத்தோடு நின்றால், உடனே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. எலும்புத்தூள் வைத்த என் இடத்துக்கு அது பொருந்தாது என்றார். நான்கு மாதம் காத்திருந்தேன். புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்த ஒட்டுதல் தவறும் வாய்ப்பு கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பல் எடுப்பதற்கும் இம்ப்ளான்டுக்கும் முன்பே அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடியவை.

பல்லை மாட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல் என்னை ஜன்னலருகே உட்காரவைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பிறகு நீலநிறத் தாளைப் பற்களுக்கிடையே வைத்து, “கடியுங்கள், தட்டுங்கள், பக்கவாட்டில் உரசுங்கள்” என்றார்கள். நீலப் புள்ளி அழுத்தமாக விழுந்த இடத்தை மயிரிழை அளவு தேய்ப்பார்கள், மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. ஏழெட்டு முறை. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்மெத்தை இருக்கிறது. கடிக்கும்போது பல் அதில் சிறிதளவு அமுங்கும். ஒரு மணல்துகள் பட்டாலும் நமக்குத் தெரிவது அந்த மெத்தையால்தான். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது. அமுங்காது, அதிகப் பாரம் விழுந்தால் நமக்குச் சட்டென்று தெரியவும் தெரியாது. எனவே அதைச் சற்றே இளகலாகத் தொடும்படி வைக்கிறார்கள். எந்தப் பல் வேலையானாலும், கேப்போ அடைப்போ, ‘கொஞ்சம் உயரமாக இருக்கிறது, பழகிவிடும்’ என்று எழுந்து வந்துவிடாதீர்கள். உயரமான பல் பழகாது. வலிக்கும், அல்லது எதிர்ப்பல்லை உடைக்கும். மரப்பு நீங்கிய பிறகு உறுத்தினால் மறுநாளே திரும்பிப் போங்கள். ஐந்து நிமிட வேலை அது.

இடையில் என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு மேலும் கீழும் முழு பல்செட். எனக்கு நடந்ததெல்லாம் பார்த்துவிட்டு, ஒருநாள் தயங்கித் தயங்கி, “என் கீழ்ச்செட் ஆடிக்கொண்டே இருக்கிறது. வயதாகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிட்டேன்” என்றார். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவந்த நான், மெல்ல முடிகிறதா என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடி ஒட்டிக்கொள்ளும். கீழ்ச்செட்டுக்குக் கிடைப்பது குதிரைலாட வடிவில் ஒரு குறுகிய மேடு, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. அந்த மேடும் ஆண்டுக்காண்டு கரைகிறது. செட் கெட்டுப்போகவில்லை, அதன் கீழே இருந்த தரை இறங்கிவிட்டது. உட்புறத்தை இப்போதைய ஈறுக்கு ஏற்ப மறுபடி வார்த்துக் கொடுத்தார்கள். பாதிச் சிரமம் குறைந்தது. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இம்ப்ளான்ட் பதித்து, அவற்றில் செட்டைப் பொத்தான்போல் மாட்டிக்கொள்ளும் வழியும் உண்டு. பல் முழுவதும் இழந்த கீழ்த்தாடைக்கு அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், நான் வற்புறுத்தவில்லை.

செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, வடிவம் வளைந்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பூஞ்சை தங்கும். மென்மையான பிரஷும் சோப்பும் போதும். எங்காவது புண்ணாக்கினால் வீட்டில் அரம் போட்டு ராவ வேண்டாம். புண்ணுக்காகக் கழற்றி வைத்திருந்தாலும், மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாள் மட்டும் மாட்டிக்கொண்டு போனால், எந்த இடம் அழுத்துகிறது என்று சிவந்த தடமே காட்டிக்கொடுக்கும். புதுச் செட்டில் பேச்சு குழறினால் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். அம்மா தினமும் காலையில் செய்தித்தாளை உரக்கப் படித்தார். இரண்டு வாரத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் நேராகிவிட்டன.

பல் மாட்டிய பிறகு நான் நிம்மதியாக இருந்துவிடவில்லை. இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் கெடும், பெரும்பாலும் வலியே இல்லாமல். துலக்கும்போது ரத்தம் கசிவதுதான் முதல் அடையாளம். இருபுறமும் ஃப்ளோஸ் என்ற பல்லிடுக்கு நூலை விட்டு எடுக்கிறேன். இரவு துலக்கியதும் நுரையைத் துப்புவதோடு சரி, தண்ணீர் விட்டு அலசுவதில்லை; பற்பசையில் உள்ள ஃப்ளூரைடு பல்லில் தங்கட்டும் என்றுதான். ஆண்டுதோறும் ஓர் எக்ஸ்ரே. அதில் திருகின் மரைகள் படிப்படியாகத் தெரியும். எலும்பு எந்த மரை வரை நிற்கிறது என்று மருத்துவர் எண்ணி, சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுவார். இதுவரை ஒரு மரைகூட இறங்கவில்லை.

சென்ற மாதம் வலப்பக்கத்தில், பழைய பெரிய அடைப்புள்ள கடைவாய்ப் பல்லில் ஒரு விநோதமான சுளீர். கடிக்கும்போது இல்லை, கடித்துவிட்டு விடும்போது. ஒரு விநாடிதான், அப்புறம் நாளெல்லாம் ஒன்றுமில்லை. விரிசல் விட்ட பல் அப்படித்தான் சொல்லும் என்று இப்போது எனக்குத் தெரியும். மறுநாள் போனேன். சிறிய பிளாஸ்டிக் துண்டை ஒவ்வொரு முகட்டின் மேலும் வைத்துக் கடிக்கச் சொன்னார். மூன்று முகடுகளில் எதுவும் இல்லை, நான்காவதில் துள்ளினேன். பழைய அடைப்பை எடுத்துப் பார்த்தால், அடியில் பழுப்பாக ஒரு கோடு, வேர்வரை போகாமல் நின்றிருந்தது. பற்கூழ் நன்றாக இருப்பதால் இப்போதைக்கு வேர் சிகிச்சை தேவைப்படாது, ஆனால் கேப் கட்டாயம் என்றார். அடைப்பை மாற்றி அனுப்பினார். சுளீர் அன்றே நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை கேப்புக்கு அளவெடுக்கிறார்கள். பள்ளியில் அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.